களைத்த முகங்களின் ஊர்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம், பால் கொஞ்சம் போதும். செவிலியர் பதிவு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொல்லி அட்டை காட்டினீர்கள். அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் மகள் ஜெனெலுக்கு இதில் பங்கில்லை. அவளுடைய பதிவைப் பிடுங்கிவிடாதீர்கள்.

என் பெயர் மெர்வ். நாற்பது வருடம் சர்க்கரை ஆலையில் இயந்திரம் பழுது பார்த்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டாயிற்று. ஜெனெல் பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் திரும்பி வந்து, மூடிக்கிடந்த செருப்புக்கடையில் அழகு ஊசி கிளினிக் திறந்தாள். நெற்றியில் ஊசி போட்டால் தசை அசையாது, கோடு விழாது. மூன்று நான்கு மாதம் தாங்கும். பிறகு திரும்ப வரவேண்டும். திரும்ப வந்தால்தான் தொழில்.

முதல் வருடம் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. இரண்டாம் வருடம் ஒருத்தியும் திரும்பவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் வெயிலில் வளர்ந்தவர்கள். சுருக்கத்தோடு நிம்மதியாக இருந்தார்கள். அதுதான் கோளாறு. ஜெனெல் வேறு உள்ளதைச் சொல்லிவிடுகிறவள். "உங்களுக்கு இது தேவையில்ல. தொப்பி போட்டுக்குங்க, போதும்" என்று வந்தவளைத் திருப்பி அனுப்புவாள்.

"ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன்ப்பா. அப்புறம் பிரிஸ்பேனுக்கே போயிடறேன்" என்றாள்.

"விளம்பரம் பண்ணேன்."

"ஊசி போட்டவங்க நல்லாருக்குன்னு சொன்னதைப் போடக்கூடாதுப்பா. சட்டம்."

சட்டத்தை நான் நம்புவதில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்தேன். நல்லதைச் சொல்லத்தானே தடை.

வாரத்தில் இரண்டு நாள் ஊர்ப் பெரியவர்களுக்கான பேருந்தை ஓட்டுகிறேன், சேவையாக. அடுத்த செவ்வாய் க்ளெனிஸ் ஏறினாள். அறுபத்தாறு வயது, குதிரை மாதிரி இருப்பாள்.

"என்ன க்ளெனிஸ், தூக்கம் இல்லையா?"

"ஒம்பது மணி நேரம் தூங்கினேன் மெர்வ்."

"அப்படியா. சரி, விடு."

அந்த 'விடு'தான் வேலை செய்தது. இறங்கும்வரை ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வியாழக்கிழமை ஜெனெலிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

அதன்பின் ஆளுக்கு ஒரு சொல். ஒரே ஆளிடம் அடுத்தடுத்த வாரம் சொல்லக் கூடாது. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற கணக்குத்தான், அதிகம் விட்டால் வழியும். நான் யாரையும் ஏமாற்றவில்லை, கேள்விதான் கேட்டேன். கேள்வி கேட்பது குற்றமென்றால் நீங்கள் இப்போது செய்வது என்ன?

உருட்டுப்பந்து கிளப்பில் பழுது வேலை எல்லாம் என் பொறுப்பு. பெண்கள் கழிப்பறையில் மஞ்சள் விளக்கு இருந்தது. கழற்றிவிட்டு, ஆலைக் கிடங்கில் இருந்த நீல வெள்ளைக் குழல்விளக்கை மாட்டினேன். சரிபார்க்கக் கண்ணாடி முன் நின்றேன். செத்து மூன்று நாள் ஆனவன் மாதிரி இருந்தேன். திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்கு வந்த பெண்கள் பாதியிலேயே கிளம்பினார்கள். "என்னய்யா இது, ஆட்டுக்கறி ஜெயிச்சவகூட வாங்காமப் போயிட்டா" என்றான் பாரில் நிற்கும் கெவ். அடுத்த மாதம் ஜெனெலின் நாட்குறிப்பில் இடமில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. அவள் பிரிஸ்பேன் பேச்சையே எடுக்கவில்லை.

நோயலின் என்ற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். புகார் அங்கிருந்துதானே வந்தது. புருஷன் போய் ஏழு வருடம் தனியாக இருந்தவள், வால் என்பவனைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தாள். வால் அவளைவிட நான்கு வயது இளையவன். இருவரும் பேருந்தில் ஏறினார்கள். அவள் பின்னால் உட்கார்ந்தாள். நான் வாலிடம் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக: "நேத்து ஐஸ்கிரீம் கடையில உங்க ரெண்டு பேரையும் பாத்தேன். உங்கம்மா இந்த வயசுலயும் நல்லா நடக்குறாங்களே."

"எங்கம்மா செத்துப் பதினோரு வருசமாச்சு மெர்வ்" என்றான் வால்.

நோயலின் நேரே ஜெனெலிடம் போனாள். ஜெனெல் ஊசி போட மறுத்து, மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னாளாம். கல்யாணம் நின்றது. நோயலின் இப்போது திரைச்சீலையைத் திறப்பதில்லை, கண்ணாடிகளுக்குத் துணி போர்த்தியிருக்கிறாள் என்கிறார்கள். இன்றைக்கும் பேருந்தை அவள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். அந்த வகையில் என்னைக் குறை சொல்ல முடியாது.

வருகிறவர்களிடமெல்லாம் ஜெனெல் கேட்கத் தொடங்கினாள்: "களைச்சு இருக்கீங்கன்னு உங்ககிட்ட சொன்னது யாரு?" யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. அக்கறையாக விசாரித்தவனை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

வேலை கூடக் கூட அவளே களைத்துப் போனாள். ஒரு காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது, பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது: "களைச்சுத் தெரியுறியே கண்ணு." சிரித்தாள். சனிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து தோழியை வரவழைத்துத் தன் நெற்றிக்கு ஊசி போட்டுக்கொண்டாள். நல்ல வேலை, தாராளமாகப் போட்டிருந்தாள் அந்தப் பெண்.

நேற்று உங்கள் கடிதம் வந்ததும் ஜெனெலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விளக்கு, வாலின் அம்மா, எல்லாம். அவள் நின்று கேட்டாள். பிறகு அலமாரியைக் காலிசெய்து பெட்டிகளில் அடுக்கினாள்.

"அந்த டேப்பை இப்படிக் குடுங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை, அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

என் மேல் அவளுக்குக் கோபம் என்று ஊரில் சொல்வார்கள், எழுதிக்கொள்ளாதீர்கள். கார் கிளம்பும்வரை கிட்ட நின்று பார்த்தவன் நான். நெற்றியில் ஒரு கோடுகூட இல்லை.