பின் கழன்ற டிரெய்லர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டிரெய்லரு டிராக்டர முந்திக்கினு போச்சுன்னு ஊரே சிரிக்குது" என்றார் அந்த அம்மா. நான் காது கொடுத்தேன்.

"கொக்கிப் பின்னுக்கு கிளிப்பு போடாம கட்டுக்கம்பிய சுத்தி நீ ஓட்டினா, எறக்கத்துல கழலாம இன்னா பண்ணும்?"

"அதான் புதுப் பின்னு, கிளிப்பு, சங்கிலி எல்லாம் வாங்கப் போறோமே" என்றார் கணவர்.

அவர் மறுபடி போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"தம்பி எடுக்க மாட்டேங்கறான். பின்னுக்குப் பதிலா பழைய போல்ட்ட மாட்டி, கடலக் கொல்லையில மல்லாட்ட புடுங்க ஆளுங்கள ஏத்திக்கினு கெளம்பிடுவான். நேத்தே சொன்னான்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் எழுந்தார், உட்கார்ந்தார், மீண்டும் போன் போட்டார். விக்கிரவாண்டி நெருங்கியதும், "நான் எறங்கி ஊட்டுக்குப் போறேன். பத்து பொம்பளைங்க அந்த டிரெய்லர்ல ஏறுவாங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா பையிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இத மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்து அந்த டிரெய்லர் மேல உக்காந்துக்கினு வந்தது நானு. நீயும் கொஞ்ச நேரம் பயந்து பாருன்னுதான் சொல்லல."

அவர் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டி வெகுநேரம் கழித்து, "எங்கியாவது அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இப்பதான் கேக்கற" என்றார் அந்த அம்மா.