பாலத்துல எறங்கறவங்க

அய்ய, நல்ல பையன்தாங்க ஐயா, அதுல சந்தேகமே வேணாம். குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. பெரியவங்களுக்கு மரியாத குடுப்பாரு. மாப்பிள்ள விசாரிக்க வந்தவங்க கிட்ட எதையாவது சொல்லி ஒரு கல்யாணத்த நிறுத்தன பழி எனக்கு எதுக்கு? மொதல்ல உக்காருங்க. அது ஆடற ஸ்டூலு, இந்த சேர்ல உக்காருங்க. விழுப்புரத்துலருந்து இந்த வெயில்ல திண்டிவனம் வந்துட்டு, வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேட்டுட்டு போனா நல்லாவா இருக்குது? டீ சொல்லியிருக்கேன்.

ஆமாங்க, நான்தான் வேணி. இந்த செல்போன் கட என்னுதுதான். கோகுலகிருஷ்ணனும் நானும் ஒரே காலேஜு, ஒரே கிளாசு. படிச்சி முடிச்சிட்டு இதே கட மாடியில ஒன்னா உக்காந்து வேல செஞ்சோம். போன்ல வெளையாடற கேம் செய்யற வேல. அந்த வேலையத்தான் இப்ப அவரு விழுப்புரத்துல ஆபீஸ் போட்டு செய்யறாரு. நீங்க உங்க கலைப்பிரியாவ அவருக்கு குடுக்கப் போறீங்க. தொழிலு நிலைக்குமா, ஆளு எப்டின்னு கேக்கறீங்க. அவரு தொழில பத்தி என்னவிட தெரிஞ்சவங்க யாரும் கெடையாது. கொஞ்சம் பொறுமையா கேட்டீங்கன்னா வெலாவாரியா சொல்றேன்.

கேமு எப்டி செய்வாங்கன்னு தெரியுங்களா? யாரும் ஆகாசத்துலருந்து கொண்டாறது கெடையாது. இருக்கற கேமுங்கள பாத்துத்தான் எடுப்பாங்க. அது திருட்டு இல்லீங்க. நீங்க மல்லாட்டய ஒடச்சி வேர்க்கடலப் பருப்பு எடுக்கற மிஷின் வெச்சிருக்கீங்க. அந்த மிஷின நீங்களா கண்டுபுடிச்சீங்க? யாரோ எங்கயோ செஞ்சது. அத்த வாங்கியாந்து, நம்ம பக்கத்து காய்க்கு தக்கன சல்லடைய மாத்திப் போட்டு ஓட்டறீங்க. இதுவும் அந்த மாரிதான்.

மாடியில எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்துச்சி. நான் கொண்டாந்த பழக்கம். ஒரு கேம்ல ஏதாவது புடிச்சிருந்தா, அது ஏன் புடிக்குதுன்னு மொதல்ல வாய தொறந்து சொல்லணும். சொல்ல முடிஞ்சா எடுத்துக்கலாம். சொல்ல முடியலன்னா தொடக்கூடாது. மேலருந்து கட்டம் கட்டமா விழும், நாம அடுக்கிக்கினே போவணும், அந்த கேம பாத்திருப்பீங்க. அது ஏன் புடிக்குது? எடமே இல்லாதப்ப ஒரு பொருளு கச்சிதமா போயி உக்காந்தா மனசுக்கு ஒரு நிம்மதி. நான் கட்டத்த எடுக்கல, அந்த நிம்மதிய எடுத்துக்கினேன். பழைய பட்டன் போன்ல ஒரு பாம்பு வரும். திங்கத் திங்க நீளமாயி, அதோட வாலே அதுக்கு குறுக்க வந்து நிக்கும். நான் பாம்ப எடுக்கல. நாம ஆசையா சேத்ததே நமக்கு எடஞ்சலா வருது பாருங்க, அத்த எடுத்தேன்.

ரெண்டையும் கொண்டாந்து ஒரு பஸ்ஸுக்குள்ள போட்டேன். வெளையாடறவங்கதான் கண்டக்டரு. பூக்கூட வருது, மல்லாட்ட மூட்ட வருது, வெள்ளாட்டுக்குட்டிய தோள்ல போட்டுக்கினு ஒருத்தரு வர்றாரு. அத்தினியும் அடுக்கணும். நெறைய ஏத்தனா நல்லது, ஆனா ஏத்தன கூட்டமே எறங்கறவங்களுக்கு வழிய அடச்சிக்கும். புரியுதுங்களா? அவ்ளோதான் கேமு.

சிரிக்கறீங்க. எல்லாரும் இப்டித்தான் சிரிச்சாங்க. வெளையாட குடுத்தா கீழ வெக்க மாட்டாங்க.

அதுல ஒரு விசயம் மட்டும் எந்த கேம்லருந்தும் எடுத்தது இல்ல. அது நம்ம ஊருது. சென்னையிலருந்து வர்ற பஸ்ஸு திண்டிவனத்துக்குள்ள வராது. பைபாஸ் பாலத்துல ஒரு மூச்சு நிக்கும், ஜல்தி ஜல்தின்னு கண்டக்டரு கத்துவாரு, கெளம்பிடும். தூங்கிட்டா விக்கிரவாண்டி டோல்கேட்டுலதான் கண்ணு முழிக்கணும். அதனால நம்ம ஊருக்காரங்க இன்னா பண்ணுவாங்க? பாலம் வர்றதுக்கு எவ்ளோ முன்னாடியே பைய தூக்கிக்கினு வாசப்படிக்கு வந்து நின்னுடுவாங்க. சீட்டு காலியா இருந்தாலும் உக்கார மாட்டாங்க. கேம்லயும் அப்டியே வெச்சேன். ஒரு பொம்பள, தலையில மூட்டையோட, நேரத்துக்கு முன்னாடியே எந்திரிச்சி வந்து வாசல்ல நிக்கும். அது வந்து நின்னா வெளையாட்டே மாறிப்போயிடும்.

பேரா? பாலத்துல எறங்கறவங்க. அதான் பேரு வெச்சிருந்தேன்.

கோகுலு படமெல்லாம் வரைய மாட்டாரு, யோசிக்கவும் மாட்டாரு. கம்ப்யூட்டர்ல எழுதற வேலைய சுத்தமா செய்வாரு. அத்த நான் கொற சொல்லல. கேமு முக்காவாசி முடிஞ்சப்ப, ஊருல நெலத்து வேல இருக்குதுன்னு லேப்டாப்ப எடுத்துக்கினு ஒலக்கூரு போனாரு. போன் பண்ணா எடுக்கல. கொஞ்ச நாள் கழிச்சி கடைக்கு ஒரு பையன் வந்தான், டிஸ்ப்ளே மாத்த. அவன் போன்ல ஓடுது என் கேமு. பேரு வேற. பஸ்ஸு மஞ்ச கலரு. ஊரு எதோ வெளிநாடு, ஒசர ஒசரமா பில்டிங்கு. மல்லாட்ட மூட்டைய அட்டப்பொட்டி ஆக்கியிருந்தாரு. வெள்ளாட்டுக்குட்டிய நாய்க்குட்டி ஆக்கியிருந்தாரு. ஆனா பாருங்க, ஒரு வெள்ளக்காரம்மா தலையில பொட்டிய வெச்சிக்கினு, ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே எந்திரிச்சி வந்து வாசப்படியில நிக்குது.

அந்த ஊருல எதுக்குங்க ஐயா அது அங்க வந்து நிக்கணும்? அங்க பஸ்ஸு எல்லா ஸ்டாப்லயும் ஒழுங்கா நிக்குமே. நம்ம ஊருக்காரரு மட்டும்தான் அந்த தப்ப பண்ண முடியும். பொறந்ததுலருந்து பாத்தது, ஒலகம் முழுக்க இப்டித்தான் எறங்குவாங்கன்னு நெனச்சிக்கினாரு. வெளிநாட்டுக்காரங்க அந்த கேம எறக்கற பக்கத்துல கீழ எழுதிக் கேட்டாங்க, இந்த அம்மா ஏன் இப்டி வந்து நிக்குதுன்னு. அதுக்கு அவரு குடுத்த பதிலு, இது எங்களோட புதுமையான உத்தியாம்.

கேஸா? போனேங்க. இங்க கோர்ட்டாண்ட ஒரு வக்கீலம்மாவ பாத்தேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, ஐடியாவுக்கு பட்டா கெடையாதும்மா, படத்தயும் பேரயும் மாத்திட்டாரு, ஒன்னா வேல செஞ்சதுக்கு நீ எதுவும் எழுதி வாங்கல, அப்டின்னு சொன்னாங்க. வாஸ்தவந்தான். நானே கொஞ்சம் முன்னாடி உங்க கிட்ட எடுக்கறது தப்பில்லன்னுதானே சொன்னேன். அப்ப என் பேச்சே எனக்கு எதிரா நிக்குது.

ஆனா வேற ஒன்னு இருக்குது. அந்த கேமுக்கு விழுப்புரத்துல ஒரு விழாவுல பரிசு குடுத்தாங்க. என்னயும் கூப்புட்டாரு. ஆமாங்க, கூப்புட்டாரு. எங்கம்மா சவுரியம்மாளும் கூட வந்துச்சி. கோகுலு வூட்டு ஒலக்கூரு கொல்லையில கூலிக்கு மல்லாட்ட புடுங்கப் போனது எங்கம்மா. மேடையில என் பேர சொல்லுவாங்கன்னு புதுப் பொடவ கட்டிக்கினு வந்து மொத வரிசையில உக்காந்துச்சி. கோகுலு மைக்க புடிச்சி எல்லாருக்கும் நன்றி சொன்னாரு. அப்பா பேரு, மாமா பேரு, ஆபீசுக்கு வாடகைக்கு எடம் குடுத்தவரு பேரு. கடேசியா, ஆரம்பத்துல எனக்கு ஒத்தாசையா ஒரு பொண்ணு இருந்துச்சின்னாரு. ஒரு பொண்ணு. எங்கம்மாவுக்கு அது நான்தான்னு தெரியல. கைதட்டிட்டு, இன்னும் ஒம்பேரு வரலயேடின்னு என்ன கேக்குது.

கோவமா? கோவம்னா நாளானா ஆறிப்பூடும். இது ஆறலீங்க.

அதுக்கப்புறம் நான் ஒரு வேல பண்ணேன். அவன் போட்ற ஒவ்வொரு கேமுக்கும், மன்னிச்சிக்கங்க, அவரு போட்ற ஒவ்வொரு கேமுக்கும் கீழ போயி ஒரே ஒரு ஸ்டாரு குடுத்து, எது எங்கருந்து வந்துச்சின்னு எழுதிப்புடுவேன். மாடு தாண்டுதா? இந்த கேம்லருந்து. கல்லு உருளுதா? அந்த கேம்லருந்து. மாடு ஏன் தாண்டணும்னு அவருக்கு தெரியாது. அங்க எதோ தாண்டுச்சி, இங்க மாடு தாண்டுது. ஏன்னு தெரியாம எடுத்தா ஒட்டாதுங்க. நாலு நாளு வெளையாடுவாங்க, அழிச்சிடுவாங்க. தொழிலு நிலைக்குமான்னு கேட்டீங்களே, அதுக்கு இதான் பதிலு. மொத கேமு போட்ட சோத்தத்தான் இன்னும் துன்னுக்கினு இருக்காரு. நீங்க உங்க மிஷின் பக்கத்துல ஆபீஸ் கட்டித் தர்றதா சொல்லியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். கட்டுங்க. உள்ள உக்காந்து செய்யறதுக்கு அவருக்கு ஒரு பொண்ணு வேணும்.

நான் தப்பா சொல்லலீங்க. வரையற பொண்ணு. உங்க பொண்ணு நல்லா வரையுதாமே.

யாரு சொன்னதா? அதுவேதான் சொல்லிச்சி. போன வாரம் இந்த சேர்லதான் உக்காந்திருந்துச்சி. நான் எழுதிப்போட்டத படிச்சிட்டு, என் பேர வெச்சி கடைய தேடிக்கினு வந்துச்சி. உக்காருங்க ஐயா, ஒன்னும் ஆவல, சொல்றேன்.

பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மாப்பிள்ள, நீ வரஞ்சதெல்லாம் காட்டுன்னு கேட்டாராம். அது ஆசையா காட்டியிருக்குது. அவரு போன்ல ஒவ்வொன்னா போட்டோ எடுத்துக்கினாராம். அதுல ஒரு படம், கோட்டு போட்டுக்கினு மழையில கொட புடிச்சி நிக்கற எரும. அது காலேஜ்ல படிக்கறப்ப, மழைக்கு உங்க மிஷின் கொட்டாயில ஒதுங்கன எருமைய பாத்து வரஞ்சதாம். நிச்சயதார்த்தத்துக்கு நாளு பாக்கறதுக்குள்ள அந்த எரும அவரு புது கேம்ல வந்துடுச்சி. கொடைய மட்டும் செகப்பாக்கியிருக்காரு.

பொண்ணு உங்க கிட்ட வந்து சொல்லிச்சாமே. நீங்க இன்னா சொன்னீங்கன்னும் சொல்லிச்சி. கட்டிக்கப் போறவருதான, உன்னுதெல்லாம் அவருதுதான, இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கியேன்னு சொன்னீங்களாம். நான் குத்தம் சொல்லல. உங்க தலைமுறையில அப்டித்தான் சொல்வாங்க. அது இங்க உக்காந்து அழுவல. அழுதிருந்தா நான் ரெண்டு ஆறுதலு சொல்லி அனுப்பிச்சிருப்பேன். அது என்ன ஒன்னே ஒன்னு கேட்டுச்சி. அக்கா, உங்க பேர சொல்லாம வுட்டப்ப நீங்க ஏன் எந்திரிச்சி மேடைக்கு போவல?

இந்த தடவ நான் எந்திரிச்சிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பூனாவுல கேம் செய்யறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குது. அதுக்கு அந்த பொண்ணுக்கு சீட்டு கெடச்சதும், நீங்க அவ்ளோ தூரம் வேணாம்னு சொல்லிட்டதும் எனக்கு தெரியும். மாப்பிள்ளைய விசாரிச்சிட்டு வாங்கப்பா, அவருகூட வேல செஞ்சவங்க திண்டிவனத்துல இருக்காங்கன்னு உங்கள இங்க அனுப்பனதும் அதுதான்.

இவ்ளோ கதைய ஏன் உங்களுக்கு சொன்னேன்னு கேக்கறீங்களா? நெறைய கேம்ல கோட்ட வாசல்ல ஒரு காவக்காரன் நிப்பான். சண்ட போட மாட்டான். பேச்சு குடுத்துக்கினே இருப்பான். அவன் இன்னா சொல்றான்னு நாம நின்னு கேப்போம். அதுக்குள்ள உள்ள இருக்கறவங்க பின்பக்கமா வெளிய போயிடுவாங்க. அது ஏன் எனக்கு புடிக்கும்னா, அவன் யாரையும் தொடறதே கெடையாது. அத்தத்தாங்க ஐயா இன்னிக்கு எடுத்துக்கினேன்.

கலைப்பிரியா ஏறன பூனா ட்ரெயினு விழுப்புரம் ஜங்ஷன்ல எடுத்து, இந்நேரம் திருக்கோவிலூரு தாண்டியிருக்கும். மேஜரான பொண்ணு, தனியா ஒன்னும் போவல, அங்க கூட படிக்கப் போற பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்காங்க. போயி சேந்ததும் மொத போன் உங்களுக்குத்தான் பண்ணுவேன்னு சொல்லிச்சி. பண்ணும். அப்பான்னா உசுரு அதுக்கு.

மாப்பிள்ளைக்கு நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுங்களா?