வாக்கெடுப்பு மணி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலவையில் ஆட்களை விழித்திருக்க வைப்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி. கீழவைக்காரர்கள் சண்டை போட்டாவது விழித்திருப்பார்கள். இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நாற்காலிகளோ மெத்து மெத்தென்று இருக்கும். ஒருவர் பேச எழுந்தால் நாலு பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் ஆளுங்கட்சிக் கொறடா. யார் எப்போது பேசுவது, யாரை எப்போது உட்காரவைப்பது, ஓட்டுப் போடும் நேரத்தில் நம் ஆள் எவரும் கழிவறையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில். முதுகுக்குப் பின்னால் என்னை வாத்தியார் என்பார்கள். முகத்துக்கு நேரேயும் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

நீங்கள் விசாரணை அதிகாரி, உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கை இறந்த அன்று அவையில் நடந்ததைத்தானே கேட்கிறீர்கள். அவள் கணவரும் எங்கள் கட்சி உறுப்பினர்தான், எனக்கு நேர் பின்வரிசையில் உட்காருபவர். புகார் கொடுத்திருப்பதும் அவர்தான் என்று தெரியும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர், கொஞ்சம் படபடப்பு அதிகம்.

அன்றைக்குக் கால்நடை மருந்துக் கடைகளின் உரிமம் பற்றிய மசோதா ஓட்டுக்கு வர இருந்தது. பெரிய விஷயமென்று சொல்லமாட்டேன். தோற்றால் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவரலாம், ஆடு மாடுகள் அதுவரை பொறுத்துக்கொள்ளும். ஆனால் எதிர்த்தரப்பைவிட எங்களுக்கு ஒரே ஓர் ஓட்டுதான் அதிகம். நான் கொறடாவான பிறகு ஒரு வாக்கெடுப்பிலும் தோற்றதில்லை. கட்சித் தலைமை என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்கிறதென்றால் இதற்காகத்தான், என் அழகுக்காக இல்லை.

தங்கை முந்தின நாள்தான் வயிற்று வலி தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். அவையின் பின்வாசலைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் இருக்கிறதே, அதே மருத்துவமனை. எங்கள் கட்சி அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் மாடிப்படிகூடத் தெரியும். காலையில் மாப்பிள்ளை வந்து, அன்று ஒரு நாள் தன்னை விட்டுவிடும்படி கேட்டார். அதற்கு வழி இருந்தது. எங்கள் அவையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தரப்பில் யாருக்காவது நெருக்கடி என்றால், எதிர்த்தரப்பு தன் ஆள் ஒருவரையும் ஓட்டுப் போடாமல் வெளியே நிறுத்திவிடும். இதற்கு அது கழிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. எழுத்தில் எதுவும் கிடையாது. இரண்டு கொறடாக்களின் வாய்வார்த்தைதான். எதிர்த்தரப்புக் கொறடா ஒரு பெண்மணி, அவையில் பேசினால் கூரை அதிரும். அன்று விஷயம் கேள்விப்பட்டு அவரே என்னைத் தேடி வந்தார்.

"உங்க தங்கச்சிக்கு முடியலையாமே. மாப்பிள்ளைய அனுப்பி வைங்க, நான் ஒருத்தர வெளிய உக்கார வெச்சிடறேன்," என்றார்.

நன்றி சொல்லி, வேண்டாமென்றேன். இந்த மாதிரி உதவியை ஒரு தடவை வாங்கிவிட்டால் அடுத்து அவர் கேட்கும்போது முடியாதென்று சொல்ல வாய் வராது. அடுத்த வாரம் பட்ஜெட் வேறு. அவர் அப்படிச் சொல்லிக்காட்டுகிறவர் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். கொறடாவாக இருந்து பார்த்தால்தான் தெரியும். மாப்பிள்ளையிடம், எதிர்த்தரப்பு பிடிகொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பாவம், அவரும் நம்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவைக்குள் கைபேசி கூடாது. உறுப்பினர்களுக்கு வரும் அழைப்புகள் கட்சி அறைக்கு வரும், அவற்றை உள்ளே போய்ச் சொல்வது என் பொறுப்பு. விவாதம் பாதியில் இருக்கும்போது மருத்துவமனையிலிருந்து நர்ஸ் பேசினார். தங்கைக்கு உள்ளே ரத்தம் கசிகிறதாம், உடனே ஆபரேஷன் செய்யவேண்டுமாம், வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டாராம். கணவரை அனுப்பச் சொன்னார். அவர் அவையில் இருக்கிறார் என்றேன்.

"நீங்க அவங்க அண்ணன்தானே சார்? நீங்களாவது வாங்க. எதிர்லதானே இருக்கீங்க," என்றார்.

"சொல்றேம்மா," என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. எப்போது சொல்வேன் என்று அவர் கேட்கவும் இல்லை.

தங்கை என்றால் எனக்கு உயிர். அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்துக்கு அவளுக்குத் தலை பின்னி அனுப்பியது நான்தான், கோணல்மாணலாகப் பின்னிவிட்டாலும் ஒரு நாளும் முகம் சுளிக்கமாட்டாள். அன்று நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். வாக்கெடுப்பு மணி அடித்துக் கதவைப் பூட்டிவிட்டால், ஓட்டுகளை எண்ணி முடிக்கும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது. வெளியிலிருந்து ஆளோ சேதியோ உள்ளே வரக்கூடாது. கதவைத் திறந்தால் மறுபடி மணி அடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்தவேண்டும். அதாவது, மணி அடிப்பதற்கு முன்னால் சேதியைச் சொல்லாமல் வைத்திருந்தால் நான் கடமை தவறியவன். மணி அடித்த பிறகு சொன்னால் விதியை மீறியவன். நான் எப்போதும் விதிக்குள் நடப்பவன். அதனால் உள்ளே போனேன். பேசக் காத்திருந்த எங்கள் ஆட்களை வேண்டாமென்று சாடை காட்டி அடக்கிவிட்டு, விவாதம் போதும், ஓட்டுக்கு விடலாம் என்று எழுந்து சொன்னேன். அவைத் தலைவருக்கு டீ தள்ளிப்போனால் பிடிக்காது, உடனே மணி அடிக்கச் சொல்லிவிட்டார். சீக்கிரம் முடித்து மாப்பிள்ளையை அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இதைச் செய்தேன், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு சும்மா விடுமா? விவாதத்தைப் பாதியில் வெட்டிய கோபத்தில், தாங்கள் கொடுத்த திருத்தங்களை ஒவ்வொன்றாக ஓட்டுக்கு விடவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அது அவர்களுடைய உரிமை. கடைப் பலகையின் அளவுக்கு ஓர் ஓட்டு, பலகையில் எழுதும் எழுத்தின் நிறத்துக்கு ஓர் ஓட்டு. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நிற்கவேண்டும், எண்ணவேண்டும், உட்காரவேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்கள். எழுந்து போய் அந்தக் கொறடா அம்மாவின் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் திருத்தங்கள் அத்தனையையும் வாபஸ் வாங்கியிருப்பார். நானும் அதை யோசித்தேன். ஆனால் சேதி எப்போது வந்தது என்று கேட்பாரே.

நடுவில் மாப்பிள்ளை பின்னாலிருந்து குனிந்தார்.

"மச்சான், ஆஸ்பத்திரிலேர்ந்து போன் ஏதாவது வந்துச்சா?"

"வந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா மாப்பிள்ள?"

அவர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார். அடுத்த ஓட்டுக்கு முதல் ஆளாக எழுந்து நின்றவர் அவர்தான். அன்று முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான், அதைக் கொடுத்தவன் நான். புகாரில் அதை அவர் எழுதியிருக்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது மேல். கதவு பூட்டும்போதே எதிர் வரிசையை எண்ணிவிட்டேன், அது கண் தானாகச் செய்கிற பழக்கம். ஓர் இருக்கை காலி. அவர்களில் ஒருவர் நூலகத்தில் தூங்கிப்போய்விட்டார், மதியமே அவரை அங்கே பார்த்திருந்தேன். ஆக, மாப்பிள்ளையின் ஓட்டு இல்லாமலேயே நாங்கள் ஜெயிப்போம் என்பது முதல் ஓட்டிலேயே எனக்குத் தெரியும். ஆனால் அவரை வெளியே விடக் கதவைத் திறந்தால் மணி மறுபடி அடிக்குமே. தூங்குகிறவர் விழித்துக்கொண்டால்?

மசோதா நிறைவேறியது. மேசைகளைத் தட்டினார்கள், ஒருவர் என் தோளையும் தட்டினார். கதவு திறந்ததும், சேதி இப்போதுதான் வந்தது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் செருப்பு நழுவ ஓடினார். நான் எங்கள் ஆட்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போவதற்குள், தங்கையின் முகத்தை மூடியிருந்தார்கள். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் போன் செய்ததைப் பிறகுதான் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அழவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை அவை கூடியதும் முதல் அலுவலாக அவளுக்கு இரங்கல் தீர்மானம் வந்தது. வாசகம் முழுக்க நானே எழுதினேன், அவைத் தலைவரைக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்ததும் நான்தான். இரண்டு தரப்பும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். எதிர்த்தரப்புக் கொறடா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூங்கி வழிகிறவர்கள்கூட அன்று விழித்திருந்தார்கள்.

சேதியை மறைத்தேன், கதவைப் பூட்ட வைத்தேன். நேரத்துக்குக் கையெழுத்து விழுந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்றுதான் டாக்டரும் சொல்கிறார், நான் அதை மறுக்கவில்லை. இதில் எங்கே விதி மீறப்பட்டது என்று நீங்கள்தான் காட்டவேண்டும். என் பேரில் குற்றமென்று ஒன்றை எழுதியே ஆகவேண்டுமென்றால், அந்த இரங்கல் தீர்மானத்தை எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை இந்த அவையின் உறுப்பினர் இல்லை. விதிப்படி அது தப்புதான்.