‘வலிக்கிறது’ என்று சொன்ன கைக்கு

ஊசிக்கு அஞ்சாத கரமே! உண்மைக்கு அஞ்சாத நாவே! இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முப்பதாண்டு வெளிச்சமே! எங்கள் அன்பு அக்காவே!

பணி நிறைவு பெறும் தங்களுக்குச் சூட்ட ஒரு பட்டம் தேடி அலைந்தோம். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த ‘ஆ அக்கா’ என்ற பெயரைவிடப் பொருத்தமானது எதுவும் அகப்படவில்லை. பொறுத்தருள்க!

இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், கிருமிக்கு ஒருவர் என ஆளுக்கொரு கலை கற்றவர்கள் கூடி வாழும் கட்டடம் இது. ஆயினும் ஒரு குப்பி இரத்தம் போய்ச் சேரும்வரை அத்தனை பேர் அறிவும் கைகட்டித்தான் நிற்கும். அந்தக் குப்பியை நிரப்பும் கலையோ புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி குத்துப்பட்டவருக்கு மட்டுமே தெரியும். அவரோ நல்லவர்! “பரவால்ல, வலிக்கல” என்று சொல்லிவிட்டு, வெளியே போய்த் தேய்த்துக்கொள்வார். அந்த நாகரிகத்தாலேயே நாங்கள் கற்காமல் கெட்டோம்.

நம் தையல்காரரை நினைத்துப் பாருங்கள். கடையை மூடிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலைப் படித்து, மூன்று பிள்ளைகளின் பாட்டுக்கு இந்த வேலையை நம்பி இங்கே வந்தவர். “ஊசி பழகின கைதானே!” என்று கேலி செய்தோம். துணி துடிக்காது, மனிதர் துடிப்பார். ஒரு குப்பிக்கு மூன்று முறை குத்தினார். புகார் மேல் புகார். வெள்ளிக்கிழமைக்குள் கை திருந்தாவிட்டால் வேலை இல்லை என்றது மேலிடம். அன்று மதியம் அவர் சாப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, தாங்கள் வழியை மறித்து நாற்காலியைப் போட்டு, ரப்பர் பட்டையைத் தாங்களே கட்டிக்கொண்டு கையை நீட்டினீர்கள்.

“குத்துப்பா.”

“வேணாங்கா, வலிக்கும்.”

“வலிச்சா கத்துறேன். என் வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்?”

கத்தினீர்கள்! கூடமே அதிர்ந்தது.

“ஆ! நரம்பைத் தாண்டிப் போயிட்டே. கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. பயந்து பயந்து போனா எனக்கு ரெண்டு மடங்கு வலி.”

புதிய ஊசி. மறு கை. மறுநாளும் அதே நாற்காலி.

“இப்ப எப்படிக்கா?”

“நேத்து தேளு. இன்னிக்கு எறும்பு.”

வெள்ளிக்கிழமை காலை, “என்னப்பா, இன்னும் குத்தலையா?” என்று அதட்டினீர்கள். குப்பி நிரம்பியிருந்தது! தங்கள் கையில் வைக்க எடுத்த பஞ்சை, கண்ணைத் துடைத்துக்கொள்ள அவரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. வேலை நிலைத்தது; அடுப்பும் எரிந்தது.

அவர் மட்டுமா! இங்கே கையெழுத்திடும் அனைவரும் அந்தக் கையில் படித்தவர்களே. நாளை முதல் யார் கை நீட்டுவார் என்ற கவலை எங்களைத் தின்றுகொண்டிருந்தது.

நேற்றுத் தாங்கள் அலுவலகம் போயிருந்த நேரம், புதிதாகச் சேர்ந்தவர் முன் தையல்காரர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் “ஆ!” என்றொரு சத்தம். தாங்கள்தான் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று பதறி நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம்!

அக்காவே! அந்தக் கைகள் இனி ஓய்வு கொள்க! நோய் அண்டாமல் நூறாண்டு வாழ்க! என்றாவது பரிசோதனைக்கு வர நேர்ந்தால், எங்கள் மேல் உள்ள பாசத்தில் மட்டும் ‘வலிக்கல’ என்று சொல்லிவிடாதீர்கள். நாங்கள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

தங்கள் கையில் படித்த
இரத்தப் பரிசோதனைக் கூடத்தினர்