நத்தார்ப் பாட்டைக் கேட்டவர்கள்

தொண்டைக்கட்டுக்கு மிளகு அவித்த தண்ணீரைப் போல நல்ல மருந்து வேறில்லை, சுவாமி. இரண்டு நாளாகக் குடிக்கிறேன், குரல் திரும்பிவிட்டது. வருகிற ஞாயிறு ஆண்டு நினைவுப் பூசைக்கு நானே பாட்டுக் குழுவை நடத்துவேன். மிச்சமாக இருப்பவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் பழைய முறையில்தான் பாடுவார்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நினைவு மலருக்காக நீங்கள் எழுதிய படியையும் வாசித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. "இசையில் மெய்மறந்திருந்த மக்கள் விமானம் வந்ததை அறியவில்லை" என்று இருக்கிறது. நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து ஆறு மாதந்தான் ஆகிறது. சனம் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், உங்களில் குற்றமில்லை. கடைசியாக அந்தப் பாட்டைக் கேட்டவர்களின் முகங்கள் எப்படி இருந்தன என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தீர்கள். மணிமேடையில் நின்று எல்லாரையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆகவே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கிறிஸ்து பிறப்புக்குப் பாடும், நூறு வருடத்துக்கு மேற்பட்ட நத்தார்ப் பாட்டு. மெட்டைக் கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்காரச் சுவாமி. தமிழில் சொல் போட்டவர் எங்கள் ஊர் உபதேசியார் ஒருவர். ஐந்து அடிகள். மூன்றாம் அடியில் மாதா பிள்ளையைக் கையில் எடுக்கும் இடத்தில், நீண்ட வரி ஒன்றை மூச்சு எடுக்காமல் பாட வேண்டும். பாட்டின் உயிரே அந்த இடந்தான். அதைப் படிப்பிக்க ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்கு மூன்று கிழமை செல்லும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோதும், ஓய்வு பெற்ற பிறகும், முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன்.

யோசப்பினை நான் முதன்முதல் கண்டது அந்த இடத்தில்தான். பண்டத்தரிப்பிலிருந்து புதிதாக வந்து பாட்டுக் குழுவில் நின்றாள். எல்லாரும் களவாக மூச்சு எடுத்த இடத்தில் அவள் ஒருத்தி எடுக்கவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிய, வரி முடியும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வைகாசியில் எங்களுக்குக் கலியாணம். பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பின்னேரம் அவள் தேத்தண்ணி ஊற்றுவாள், ஒரே பனங்கட்டித் துண்டை இரண்டாகக் கடித்துக்கொண்டு குடிப்போம். பெரிய பாதி எனக்குத்தான் வரும்.

இனி அருட்பிரகாசத்துக்கு வருகிறேன். எண்பத்து மூன்றில் கொழும்புக் கலவரத்தோடு கப்பலில் வந்து இறங்கியவன். எல்லாரும் கிடைத்த சாமான் சட்டிகளோடு வந்தபோது, அவன் படுக்கைச் சீலையில் சுற்றிய கீபோட் வாத்தியம் ஒன்றோடு வந்தான். இங்கே றேடியோ திருத்திப் பிழைத்தான். நல்ல பொடியன், மரியாதை தெரிந்தவன். என்னை 'மாஸ்டர்' என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

போன வருடம் திருவருகைக் காலம் தொடங்கியபோது, அந்தப் பாட்டைச் சொல்லில்லாமல், வாத்தியத்தில் மட்டும் புதுவிதமாக அமைத்திருப்பதாகச் சொன்னான். அப்போதிருந்த சுவாமி சம்மதித்தார். கோயில் கூரை ஏற்கெனவே ஷெல் பட்டு உடைந்திருந்ததால் வளவில் கிடுகுப் பந்தல் போட்டிருந்தோம். பந்தலுக்குப் பின்னால் பங்கின் ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓட்டி, பூசை முடிந்தபின் வாசித்துக் காட்டினான்.

புல்லாங்குழல் போல ஒரு சத்தத்தில் தொடங்கினான். பிறகு வயலின் போல. அடியில் இதயம் அடிப்பதைப் போல ஒரு தாளம். மூன்றாம் அடியில், நான் முப்பத்தொரு வருடம் மூச்சு விடாதே என்று படிப்பித்த அந்த இடத்தில், அவன் வாசிப்பை நிறுத்திவிட்டான். முழுதாக நிறுத்தினான். ஒரு நெடுமூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லத் தொடர்ந்தான்.

அந்த வெறுமைக்குத்தான் சனம் அழுதது.

செல்வநாயகி தையல் ரீச்சர் கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். பத்து வருடத்தில் ஒருநாள்கூட ஒத்திகைக்கு நேரத்துக்கு வராதவள். கடைக்காரப் பேதுரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அவருக்கு ஒரு காது முழுச் செவிடு, மற்றக் காதும் அரைவாசி. தாளத்துக்கும் அவருடைய ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. சுன்னாகப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வெங்காயத் தோட்டக்காரர் மார்க்கண்டர், அவர் சைவக்காரர், எழும்பி நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"எனக்கு மயிர் கூச்செறிஞ்சுபோச்சு. நல்லூர்த் தேர் கண்ணுக்கு முன்னாலை வருது."

இயேசு பாலன் பிறந்ததற்கு நல்லூர்த் தேர். இதையும் சனம் தலையாட்டி ரசித்தது.

"மாஸ்டர், இத்தனை வருசமாய் உந்தப் பாட்டைத்தானே நாங்கள் பாடினனாங்கள்? நம்பேலாமல் கிடக்கு. சொல்லெல்லாம் பாட்டை மறைச்சுக்கொண்டெல்லே நிண்டிருக்கு," என்றாள் செல்வநாயகி.

"ஓம் ரீச்சர், சிலருக்குச் சொல்லு மறைக்கும்," என்றேன்.

இவர்களில் எனக்குக் கோபமில்லை, சுவாமி. கேட்கத் தெரியாதவர்களில் கோபித்து என்ன பயன்? வெயிலுக்கு ஐஸ்பழம் சூப்புகிறவனும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வான். நான் யோசப்பினைப் பார்த்தேன். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் பாடி, நான் படிப்பித்து, அவளே பாடிய முப்பத்தொரு நத்தாரிலும் அவள் அழுது நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போது கேட்டேன்.

"உனக்கும் பிடிச்சுப்போச்சோ?"

அவள் கேத்தலை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்த இடத்திலை மூச்சு விட எவ்வளவு சுகமாய் இருக்குத் தெரியுமே? முப்பது வருசமாய் நீங்கள் விடேல்லையப்பா."

பகிடியாகத்தான் சொன்னாள். பனங்கட்டியைக் கடித்து வழமைபோலப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். நானும் தின்றேன்.

இப்போது மணியைப் பற்றி. பூசைக்கு மணி ஒவ்வொன்றாக விழும். குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால் இடைவிடாமல் அடிக்க வேண்டும். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அந்த வேலை என்னுடையது. மணிமேடை ஒன்பது படி உயரம். அங்கே நின்றால் ஆமியின் விமானத்தளம் இருக்கும் பலாலிப் பக்க வானம் முழுவதும் தெரியும், வாடைக்காற்றில் சத்தமும் வரும். ஜெனரேற்றர் ஓடும்போது பந்தலுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. மணிதான் அவர்களுக்குக் காது. வேப்பமரங்களின் கீழே பதுங்குவதற்கு நாலு பங்கர் வெட்டியிருந்தோம். மணி கேட்டால் முழுச் சனமும் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இறங்கிவிடும். கிழவிகள்கூட அப்படிப் பழகியிருந்தார்கள்.

நத்தார் விழாவுக்கு முந்திய வியாழக்கிழமை அவன் இரண்டாந்தரம் வாசித்துப் பார்த்தான். அந்த ஒத்திகைக்கும் சனம் கூடிவிட்டது. மூன்றாம் அடி வருவதற்கு முன் எனக்குப் பொம்மர் சத்தம் கேட்டது. அடித்தேன். எல்லாரும் ஓடினார்கள். விமானம் கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. பங்கரை விட்டு வெளியே வந்த சனம் உடுப்பில் பட்ட சேற்றைத் தட்டியபடி என்னைத்தான் பார்த்தது.

"உவர் சிமியோன் மாஸ்டருக்குத் தும்பி பறந்தாலும் பொம்மர்தான்," என்றார் பேதுரு. தன் செவிட்டுக் காதை வைத்துக்கொண்டு சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

"தும்பியில்லை, பொறாமை," என்று யாரோ பின்னால் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் காது நல்ல கூர்மை.

அப்போதிருந்த சுவாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "கோவிக்காதேங்கோ மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடக்கேக்கை சும்மா அடிச்சுக் குழப்பிப்போடாதேங்கோ. நிச்சயமெண்டால் மட்டும் அடியுங்கோ," என்றார்.

யோசப்பினும் வீட்டில் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ, அந்த இடம் வரேக்கை பாத்துத்தானே அடிச்சனீங்கள்?"

அது அநியாயமான கேள்வி. அன்று நான் உண்மையாகவே விமானத்தைக் கேட்டு, அவர்களைக் காப்பாற்றவே அடித்தேன்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு விழா தொடங்கியது. மழை விட்டு வானம் கழுவி வைத்ததைப் போல இருந்தது. பந்தல் நிறைந்த சனம். மணிமேடைக்குக் கிட்டவாக, முதல் வரிசை வாங்கின் ஓரத்தில் யோசப்பின் இருந்தாள். கலியாணத்தன்று உடுத்த சேலையை எடுத்து உடுத்திருந்தாள். நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளின் நாடகம் முடிந்தது, பழைய சுவாமி பேசினார், பிறகு அருட்பிரகாசம் வந்து கும்பிட்டுவிட்டுத் தொடங்கினான்.

இரண்டாம் அடி நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கேட்டது. பலாலிப் பக்கம். முதலில் சத்தம், பிறகு புள்ளி. திரும்பாமல் நேரே வந்தது. நிச்சயமா என்று என்னையே கேட்டேன், ஏனென்றால் நிச்சயமென்றால் மட்டும் அடிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நிச்சயம் என்றுதான் மனம் சொன்னது. இதை நான் மறைக்கவில்லை. பங்கருக்குப் போக ஒரு நிமிடம் வேண்டும். இரண்டு நிமிடம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் முகங்களைப் பார்த்தேன். நீங்கள் கேட்டது அதைத்தானே. செல்வநாயகி கைலேஞ்சியை முன்னதாகவே எடுத்து மடியில் தயாராக வைத்திருந்தாள், அழுகை எந்த இடத்தில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேதுரு ஆடினார். மார்க்கண்டர் கை கூப்பிக்கொண்டு நின்றார், தேர் வந்திருக்க வேண்டும். பின் வரிசையில் இரண்டு பெண்கள் ஒருத்தியின் சங்கிலியை ஒருத்தி பிடித்துப் பார்த்தார்கள். ஒரு தகப்பன் கொட்டாவி விட்டார், பிறகு பக்கத்திலிருப்பவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெய்மறந்தவர் என்று ஒருவரை நான் காணவில்லை, சுவாமி. மெய்மறக்க முதலில் கேட்கத் தெரிய வேண்டும்.

பாட்டைக் குழப்ப வேண்டாம் என்றார்கள். நான் குழப்பவில்லை.

மூன்றாம் அடி வந்தது. அவன் நிறுத்தினான். அந்த வெறுமையில் ஜெனரேற்றரின் இரைச்சல் மட்டும் இருந்தது. அதற்கு அப்பால் மற்றச் சத்தமும் இருந்தது. பந்தலுக்குள் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. ஓரத்தில் இருந்த யோசப்பின் தலையை நிமிர்த்தினாள். வாங்கிலிருந்து அரைவாசி எழும்பினாள். வானத்தைப் பார்க்கவில்லை. திரும்பி மேலே என்னைப் பார்த்தாள்.

கயிறு என் கையில் இருந்தது. நானும் அவளைப் பார்த்தேன். நான் அசையவில்லை.

அவள் திரும்ப வாங்கில் இருந்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் தொடர்ந்து வாசித்தான்.

பதினான்கு பேர். பெயர்களை நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், செல்வநாயகியின் பெயரோடு போட்ட தகப்பன் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. குண்டு விழுந்த பிறகு நான் மணி அடித்தேன். பலமாக அடித்தேன். அதைத் தாங்கள் கேட்டதாகத் தப்பியவர்கள் எல்லாரும் இன்றும் சொல்கிறார்கள்.

அருட்பிரகாசம் சிறு காயத்தோடு தப்பினான். கீபோட்டைப் பங்கர் ஒன்றுக்குள் வைத்து, அதை மண் போட்டு மூடிவிட்டான். ஒவ்வொரு பின்னேரமும் என்னிடம் வருகிறான். கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு, யோசப்பின் இருந்த கதிரையில் இராமல் நிலத்தில் இருப்பான். ஒரே கேள்விதான்.

"மாஸ்டர், என்ரை ஜெனரேற்றர் சத்தத்தாலைதானே உங்களுக்கும் கேக்கேல்லை?"

"ஓம் தம்பி," என்று சொல்வேன். அவன் அழுவான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். பனங்கட்டியைக் கடித்துப் பெரிய பாதியை அவனுக்குத்தான் கொடுக்கிறேன். அவனில் எனக்கு இப்போது பாசம் உண்டு. நத்தாருக்கு இனி அவன் வாசிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டான், நானும் வற்புறுத்தவில்லை.

இதையெல்லாம் மறைத்து வைத்திருக்கவும் என்னால் முடிந்திருக்கும். ஒரு வருடம் வைத்திருந்தேன், நித்திரைக்குக் குறைவில்லை. ஆனால் உங்கள் ஐந்தாம் பக்கத்தை வாசித்தபோது பொறுக்க முடியவில்லை. அந்த வாத்தியத்துக்கு மரணத்தையே மறக்கவைக்கும் சக்தி இருந்ததாக அச்சில் வந்துவிட்டால், இந்தச் சனம் இன்னும் ஐம்பது வருடத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டு திரியும். அப்படி ஒரு சக்தியும் அதற்கு இருக்கவில்லை. மணி அடிபடவில்லை, அவ்வளவுதான். அடிக்காதவன் நான். பொலிசுக்கோ, இயக்கப் பெடியளுக்கோ, ஆயருக்கோ யாருக்குக் காட்டினாலும் சரி, இதை என் கையெழுத்தோடே காட்டுங்கள். ஆனால் பக்கத்தைத் திருத்திவிடுங்கள்.

யோசப்பினின் பெயருக்குக் கீழேயும் 'இசையில் மயங்கியபடி' என்று போட்டிருக்கிறீர்கள். அதையும் வெட்டிவிடுங்கள். அவள் மயங்கவில்லை. விமானத்தைக் கேட்டாள், எழும்பினாள், என்னைப் பார்த்தாள், நான் அடிக்கவில்லை என்றபடியால் திரும்ப இருந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், சுவாமி. அதை அவளுக்குப் படிப்பித்தவன் நான்.