என்ர கைக்கு ஒரு பிடி

"என்ர பிஸ்டலுக்கு நானே பிடி செதுக்கினனான்" என்று லண்டனில் தோர்ண்டன் ஹீத் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண் சொன்னதும், அவர் பக்கத்தில் இருந்த தங்கை அவரது முழங்கையைப் பிடித்தாள்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா. பிஸ்டல் எண்டா எல்லாருக்கும் விளங்கும்."

"விளங்கட்டும். போட்டியில சுடுற எயார் பிஸ்டல்தானே."

"அதோட வந்த பிடிக்கு என்ன குறை?"

"அது அஞ்சு விரல் உள்ள ஆக்களுக்குச் செய்தது." அக்கா வலது கையை விரித்தார். சுண்டுவிரல் இல்லை. "சுவிஸில பேக்கரி மெஷினுக்குள்ள போனதெல்லே. சுடேக்க பிடி வழுக்கும். கிளப்பில இடது கையால பழகச் சொன்னவை. ஏலாது எண்டிட்டன். வால்நட் கட்டை ஒண்டு வாங்கி, மூண்டு மாசமா அராவி அராவி என்ர கைக்குப் பொருத்தினனான்."

"பிறகு?"

"நேற்றுப் போட்டியில நான்தான் முதலாவது."

தங்கை அவரது முழங்கையை விட்டுவிட்டாள். "உண்மையாவோ அக்கா?"

"ஓம். முடிய எல்லாரும் என்ர பிஸ்டலை வாங்கிப் பிடிச்சுப் பாத்தவை." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒருத்தற்ர கைக்கும் அது சரிவரேல்ல."