ஈயச் சாயம் படிந்த சட்டை

கிள்ளானில் ரயிலேறிய புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் பலகையில் உட்கார்ந்தார்கள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இனிமே என் சட்டைய நீ தொவைக்கக் கூடாது" என்றான் அவன்.

"பின்ன யாரு தொவைப்பா?"

"நான்தான்."

"லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பாலத்துக்கு நான் அடிக்கிற செவப்புச் சாயத்துல ஈயம் இருக்காம். அந்தத் தூசு சட்டையோட வீட்டுக்கு வந்துதான் மூணு புள்ளையும் வயித்துல தங்காம போயிருக்கும்னு டாக்டரு சொல்றாரு."

"உங்கம்மா என் ராசின்னாங்க."

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். வேற வேலையும் கேட்டிருக்கேன்."

"அதுக்காக அங்க போய் உக்காரணுமா?"

"வேலையிலேருந்து நேரா வந்தேன். இதுவும் அதே சட்டைதான், புள்ள."

பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி நின்றதும் அவன் குழாயடிக்கு ஓடினான். கையும் முகமும் கழுவிக்கொண்டு வெற்று உடம்போடு திரும்பி வந்தான்.

"சட்டை எங்க?"

"வீசிட்டேன்."

"ஐயோ, போன தீபாவளிக்கு எடுத்ததுங்க!"

அவள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். அவன் அங்கே உட்கார்ந்ததும், அவனை ஒட்டிப் பழைய இடத்துக்கே நகர்ந்து வந்துவிட்டாள்.